தொகுப்பாசிரியர்

'தொகு' என்றால் சேர், திரட்டு. தொகை, தொகுதி, தொகுப்பு எல்லாம் அதன் வழிவந்தவை. தொல்காப்பிய மரபியல், முதல்நூலைப் பின்பற்றி எழும் வழிநூலின் வகைகளைச் சொல்லும்போது தொகுத்தலை முதலில் வைக்கிறது. தொகுத்தது முதல்நூல் ஆகாது என்பது அவ்வளவு பழைய முடிவு. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். பாடிய ஐவர் பெயரும் தனியே நிற்கின்றன. என்ன நேர்மை!

இலங்கை மலையகத்திலும் அந்த நேர்மை இருந்தது. வட்டகொடை, மடக்கும்புர தேயிலைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத் தொழிலாளரின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டினார். நூலின் பெயர் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்'. பாடல் யாருடையது என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது.

இன்று அட்டன், நுவரெலியா தோட்டங்களின் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் ஒலிப்பதிவு செய்து ஆய்வுக் கட்டுரை எழுதுவோர் பலர். கொழுந்தெடுத்து ஓய்ந்த ஒரு பாட்டி ஒப்பாரியைப் பாடித் தருகிறார். அச்சில் அவர் வெறும் 'தகவலாளி' ஆகிறார், சில வேளை அதுவும் இல்லை. இது களவுக்கு மிக அருகில் உள்ளது.

ஆய்வு மாணவர்களே, முதலில் அனுமதி கேளுங்கள். அவர் விரும்பினால் பெயரையும் தோட்டத்தையும் பாடலின் கீழேயே அச்சிடுங்கள். அச்சான பிரதியை அவர் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள்.