நிபோங் மரம் எங்கே? ஊர்ப் பேரும் கோயில் மரமும்

 

போன வாரம் அன்னதானம் முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். தேவார வகுப்புக்கு வரும் ஒரு பையன் பக்கத்தில் வந்து, "அங்கிள், நிபோங் திபால்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டான். அது ஒரு மரத்தோட பேருப்பா என்றோம். "அந்த மரம் எங்கே இருக்கு?" என்றான். நாங்கள் ஐந்து பேர், எல்லாரும் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஒருத்தராலும் கையை நீட்டிக் காட்ட முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

நிபோங் ஒரு பனை வகை. தென்னை, பாக்கு, செம்பனை எல்லாம் அதுக்குச் சொந்தம். ஆனா தென்னை மாதிரி தனியா நிக்காது, மூங்கில் போல கூட்டமாக் கிளம்பும். உடம்பெல்லாம் கறுப்பு முள். கடல் தண்ணி ஏறி இறங்கும் சதுப்புக் காட்டுக்குப் பின்னால் இருக்கும் ஈர நிலம்தான் அதுக்குப் பிடிச்ச இடம். அடிமரத்தின் வெளிப்பக்கம் அவ்வளவு கெட்டி. அந்தக் காலத்தில் மலாய்க்காரர்கள் அதைப் பிளந்து வீட்டுக்குத் தரை போட்டார்கள். உப்புத் தண்ணியில் சீக்கிரம் மக்காது என்பதால் மீனவர்கள் கடலில் நட்டு மீன்பொறி கட்டினார்கள். 'திபால்' என்றால் மலாயில் தடிப்பு, அடர்த்தி. கிரியான் ஆற்றங்கரை ஒரு காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்று ஊர்ப் பேரே சொல்லுது.

நம்ம ஊர் மட்டும் இல்லை. பினாங்குக்கும் மரத்தின் பேர்தான். 1786இல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கி வேல்ஸ் இளவரசர் தீவு என்று பேர் வைத்தார். அந்தப் பேர் நிலைக்கவில்லை, பாக்கு மரத்தின் பேரான 'பினாங்' தான் நின்றது. நம் மாநிலக் கொடியில் இருப்பதும் அதே பாக்கு மரம். இன்னொரு விஷயம் தெரியுமா? மலாயில் பெண் கேட்டுப் போவதற்கு 'மெமினாங்' என்பார்கள். அது 'பினாங்' என்ற சொல்லில் இருந்து வந்தது. நாம் என்ன சொல்றோம்? பாக்கு வெற்றிலை மாத்தியாச்சு என்கிறோம். இரண்டு இனத்துக்கும் கல்யாணப் பேச்சு ஒரே பாக்கில்தான் ஆரம்பிக்குது.

மலாக்கா நம் நெல்லி மரம். பரமேஸ்வரா அந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது ஒரு சருகுமான் வேட்டை நாயை உதைத்துத் தள்ளியதாகவும், அந்த மரத்தின் பேரையே ஊருக்கு வைத்ததாகவும் கதை. அதியமான் ஔவைக்குக் கொடுத்தாரே, அதே நெல்லி. ஈப்போ என்பது ஒரு விஷ மரம். அதன் பாலை ஓராங் அஸ்லி மக்கள் ஊதுகுழல் அம்புக்குத் தடவினார்கள்.

ஊருக்கு மரத்தின் பேர் வைப்பது நமக்கும் புதுசு இல்லை. மதுரை கடம்பவனம், திருவானைக்கா நாவல் மரத்தடி, காஞ்சி ஏகாம்பரநாதருக்கு மாமரம். தில்லை என்று சிதம்பரத்தைச் சொல்றோமே, அது ஒரு சதுப்பு நில மரம். சிதம்பரத்தில் இப்போது தில்லைவனம் இல்லை, பக்கத்தில் பிச்சாவரத்தில் இருக்கு. நம் நாட்டுக் கடலோரச் சதுப்பிலும் அதே மரம் வளருது. மலாயில் 'பூத்தா பூத்தா' என்பார்கள். பூத்தா என்றால் குருடு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும், அதனால் அந்தப் பேர். நடராஜப் பெருமானின் மரம் இங்கே இப்படி ஒரு பேரோடு நிக்குது என்று தெரிந்தபோது எங்களுக்குக் கொஞ்சம் உடம்பு சிலிர்த்துப் போச்சு. முருகனுக்குக் கடம்பன் என்று பேர் வாங்கிக் கொடுத்த கடம்பும் இங்கே உண்டு. கெலெம்பாயான் என்றால் பலகைத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

சரி, நம்ம ஊர் நிபோங் எங்கே போச்சு? 1840களில் செபராங் பிறையில் கரும்புத் தோட்டங்கள் பெருகின. காடு அழிந்தது. காட்டை வெட்டியது, வாய்க்கால் வெட்டியது, கரும்பு வெட்டியது எல்லாவற்றிலும் ஒப்பந்தத்தில் வந்த நம் ஆட்களின் உழைப்பு உண்டு. கலிடோனியா, பைராம் தோட்டத்துப் பேரெல்லாம் இங்கே யாருக்குத் தெரியாது? கரும்புக்குப் பிறகு கித்தா வந்தது. பிரேசில் நாட்டு மரம், 1877இல் இங்கிலாந்திலிருந்து 22 கன்றுகளாகச் சிங்கப்பூருக்கு வந்தது. அப்புறம் செம்பனை, அது ஆப்பிரிக்கா. ஊர்க்கார மரம் போய் வெளியூர் மரங்கள் வந்தன. நாமும் அப்படி வந்தவர்கள்தான், அதை மறந்துவிட்டுப் பேசக்கூடாது.

வந்தவர்கள் என்ன செய்தார்கள்? லயத்துக்குப் பக்கத்தில் ஒரு மரத்தைப் பார்த்து, அடியில் ஒரு கல்லையோ சூலத்தையோ வைத்துக் கும்பிட்டார்கள். மரம் இல்லாத இடத்தில் அரசும் வேம்பும் நட்டார்கள். நம் கோயிலும் அப்படித்தான். முதலில் மரம், அப்புறம் கல், அப்புறம் தகரக் கொட்டகை, கோபுரம் எல்லாம் நேத்து வந்தது.

இப்போ விஷயத்துக்கு வர்றோம். திருப்பணிக்காக நம் அரசமரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கார் நிறுத்த வசதி செய்யலாம் என்று பேச்சு நடக்குது. சொல்பவர்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. வேர் போய்ப் பின்பக்கச் சுவர் விரிஞ்சிருப்பது உண்மை. திருவிழா அன்று கார் நிறுத்த நாம் படும் பாடும் உண்மை.

ஆனா அந்த மரத்தைப் பற்றி ஒன்று சொல்லணும். அரசு பூத்து யாரும் பார்த்ததில்லை. பூ எல்லாம் காய்க்குள்ளேயே இருக்கு. கடுகளவு குளவி ஒன்று சின்ன ஓட்டை வழியா உள்ளே நுழையும். நுழையும்போதே பல சமயம் இறக்கை பிய்ந்துவிடும். உள்ளே முட்டை வைத்து, மகரந்தம் சேர்த்து, அங்கேயே செத்துப்போகும். அதன் பெண் குஞ்சுகள் மகரந்தத்தோடு வெளியே பறந்து அடுத்த மரத்தைத் தேடிப் போகும். அந்தக் குளவி இல்லை என்றால் அரசுக்கு விதை இல்லை. நம் கோயில் கூரையில் அடிக்கடி முளைக்கும் அரசங்கன்றைத் திட்டிக்கொண்டே பிடுங்கிப் போடுறோமே, அது பறவை எச்சத்தில் வந்த விதை.

சாமியை பாலாலயம் செய்து வேறு இடத்துக்குக் கொண்டு போகலாம், தோட்டக் கோயில்கள் பலவற்றில் அப்படித்தான் நடந்தது. இந்த வயசு மரத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. சுவரை நாலடி உள்ளே தள்ளிக் கட்ட முடியுமா, கிளையை மட்டும் கழித்தால் போதுமா என்று மரம் தெரிந்த ஒருவரைக் கூட்டி வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்பது தொண்டூழியர்களான எங்கள் வேண்டுகோள்.

வரும் ஞாயிறு காலை அபிஷேகம் முடிந்ததும் இதைப் பற்றிக் கூட்டம். வெட்டணும் என்பவர்களும் வாங்க, வேண்டாம் என்பவர்களும் வாங்க. மரத்தடியில் எடுத்த பழைய போட்டோ யார் வீட்டிலாவது இருந்தால் கொண்டு வாங்க. பசியாற இட்லி உண்டு.

அப்புறம், ஆற்றுப் பக்கம் எங்காவது நிபோங் மரம் நிக்கிறதைப் பார்த்தவர்கள் கீழே எழுதுங்க. அந்தப் பையனைக் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டணும்.