ஒன்றரை ரூபாய் வாடகையும் ஒரு பொய்ப் பெயரும்

நம் பிள்ளைகள் பட்டணம் போய்ப் படித்த வரலாற்றை எழுதுகிறவர்கள் பள்ளிக்கூடத்தை எழுதுகிறார்கள், கல்லூரியை எழுதுகிறார்கள், வாங்கிய பட்டத்தை எழுதுகிறார்கள். ராத்திரி எங்கே படுத்தான், அதுக்கு என்ன குடுத்தான் என்று எழுதுவதில்லை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பியவர்களைக் கேட்டுப் பாருங்கள். 'பாடமெல்லாம் ஏறிச்சுங்க, தங்கத்தான் எடமில்ல' என்பார்கள்.

இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்ற சிறு நூலில் கோயமுத்தூரில் படித்த காலத்தைச் சொல்கிறார். ஏறக்குறைய 400 மாணவர்கள். பத்துப் பேர் தவிர மற்றவரெல்லாம் பிராமணர்கள். பள்ளி விட்டதும் யாரும் கூட வந்துவிடாதபடி வேகவேகமாக நடந்து வீடு போய்ச் சேருவாராம். வீடு தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். முகவரி என்பது நமக்கு அன்றைக்கே மறைக்க வேண்டிய பொருளாக இருந்திருக்கிறது.

அம்பேத்கர் 1913இல் நியூயார்க் போனபோது கொலம்பியா பல்கலைக்கழக விடுதியில் தங்கினார். பிறகு நாவல் பதேனா என்ற பார்சி நண்பரோடு ஒரே அறையில் இருந்தார். அங்கே இல்லாத சிக்கல் 1917இல் பரோடாவில் வந்தது. பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகைக்கு ஈடாக அந்த சமஸ்தானத்தில் வேலை செய்வதாக ஒப்பந்தம். வேலை இருந்தது, வீடு இல்லை. இந்து விடுதிகள் சேர்க்காது என்று தெரிந்து ஒரு பார்சி சத்திரத்துக்குப் போனார். பார்சி அல்லாதவருக்கு அங்கே இடமில்லை. காவலாளுக்கோ ஆள் வந்தால் நாலு காசு கிடைக்கும். ஆகவே இருவரும் ஒத்துக்கொண்டார்கள்: பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயர், தங்க, சாப்பிட தினம் ஒன்றரை ரூபாய். வேறு ஆளே இல்லாத கட்டடம், தட்டுமுட்டுச் சாமான்கள் நிறைந்த கூடம், வெளிச்சத்துக்கு ஒரு அரிக்கேன் விளக்கு. அதற்குத்தான் அந்த வாடகை.

பதினோராம் நாள் காலை தடியோடு ஒரு கூட்டம் வந்தது. சாயங்காலத்துக்குள் காலி செய் என்றது. இரண்டு நண்பர்களைப் போய்க் கேட்டார். இந்து நண்பர், நீ வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். கிறிஸ்தவ நண்பர், மனைவியைக் கேட்க வேண்டும் என்றார். அந்த அம்மா பிராமணக் குடும்பத்திலிருந்து மதம் மாறியவர். பம்பாய் ரயில் ராத்திரி ஒன்பது மணிக்கு. அதுவரை ஒரு பொதுத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தார். கொலம்பியாவில் படித்தவர், கையில் வேலை, வாடகை கொடுக்கத் தயார். காசு இல்லாததால் அல்ல அவர் வெளியே நின்றது. அந்த ஊர் 1949 முதல் ஒரு பல்கலைக்கழக நகரம்.

இந்தப் பின்னணியில் பார்த்தால்தான் அடுத்த சேதி புரியும். 1924இல் அம்பேத்கர் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை ஆரம்பத்திலேயே எடுத்த வேலைகளில் ஒன்று, 1925இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது. கோலாப்பூரில் சாகு மகாராஜா 1908லேயே தீண்டப்படாத மாணவர்களுக்கு விடுதி ஏற்படுத்தியிருந்தார். நம் பக்கம் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தது 1929இல்தான். இவர்களுக்கெல்லாம் விடுதி என்பது தர்மச் சோறல்ல. வாடகைச் சந்தை நமக்குக் கதவைச் சாத்தியிருந்ததற்கு எதிராகக் கட்டிய வீடு.

சென்னைக்கு வருவோம். சேப்பாக்கத்தில் பல்கலைக்கழகம், பக்கத்தில் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள். வீடு என்றால் பத்து மாச வாடகை அட்வான்ஸ் என்பது இந்த ஊர் வழக்கம். 2019இல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாதம் என்கிறது, கேட்பார் யார்? கூலிவேலை செய்யும் அப்பன் பத்து மாச வாடகையை எங்கே போய்ப் புரட்டுவான்? புரட்டிக்கொண்டு போனாலும் கேள்வி வரும்: 'தம்பிக்கு எந்த ஊரு? ஊருக்குள்ளயா, காலனியா?' 'நாங்க சைவங்க, வேற ஒண்ணுமில்ல.' அப்புறம், வீட்டைச் சொந்தக்காரங்களுக்குக் கொடுத்தாச்சு. தலைநகர் டெல்லியிலும் சுற்றுப்புறத்திலும் 2012இல் சுகதேவ் தோரட்டும் மற்றவர்களும் ஆய்வு செய்தபோது, தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் வீடு மறுக்கப்படுவதையும், கொடுத்தாலும் கூடுதல் வாடகையும் தனி நிபந்தனையும் போடப்படுவதையும் கண்டார்கள். இதைத்தான் இரண்டாவது வாடகை என்கிறேன். பெயரை, ஊரை, சாப்பாட்டை மறைத்துக் கட்டுகிற வாடகை.

அரசாங்கக் கணக்கு எப்படி? மெட்ரிக்குக்குப் பிந்தைய உதவித்தொகை 1944இல் தொடங்கியது. 2021இல் மாற்றியமைத்தபோது, சாதாரண பட்டப்படிப்பு மாணவருக்கு விடுதியில் இருந்தால் வருஷம் 6,000, இல்லையென்றால் 3,000. மாசத்துக்கு 250 ரூபாய். எந்த நகரத்தில் இந்தக் காசுக்கு ஒரு அறையின் மூலை கிடைக்கும்? தமிழக ஆதிதிராவிடர் நலக் கல்லூரி விடுதிகளில் உணவுக்கு மாதம் 1,100 ஆக இருந்ததை 2023இல் 1,500 ஆக்கினார்கள். மூணு வேளைக்கும் சேர்த்து நாளைக்கு ஐம்பது ரூபாய். அதிலும் ஒரு சோற்றை இருவர் பகிர்ந்துகொள்வதுண்டு. இடம் கிடைக்காதவன் கணக்கில் வராமல் ஊர்க்காரன் அறையில் பாய் விரிப்பான். அவனும் பரீட்சை எழுதுவான். பெண்பிள்ளைகளுக்கு அந்த வழியும் இல்லை, விடுதி இல்லை என்றால் அப்ளிகேஷன் போடும்போதே படிப்பு நின்றுவிடும். சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதிக்கு 2025இல் பத்து மாடியில் புதுக் கட்டடம் திறந்தார்கள். நல்லதுதான், வரவேற்போம். இடம் கேட்டு நிற்கிறவர்களின் வரிசை அதைவிட நீளம்.

விடுதி கிடைத்தவனுக்கும் அது நிலையில்லை. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஐந்து தலித் ஆய்வு மாணவர்களுக்கு நிர்வாகம் தேர்ந்தெடுத்த தண்டனையைக் கவனியுங்கள்: வகுப்புக்கு வரலாம், விடுதியில் இருக்கக் கூடாது. அம்பேத்கர் படத்தையும் படுக்கையையும் தூக்கிக்கொண்டு வெளியேறி, வளாகத்துக்குள்ளேயே திறந்தவெளியில் படுத்தார்கள். அந்த இடத்துக்கு 'வெளிவாடா' என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் சேரி என்று அர்த்தம். அவர்களில் ஒருவரான ரோஹித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று உயிரை விட்டார். எழுதிவைத்த கடிதத்தில், தனக்கு வரவேண்டிய ஏழு மாத உதவித்தொகை பாக்கி 1,75,000 ரூபாய், அதை வீட்டாருக்குக் கிடைக்கச் செய்யுங்கள் என்று கேட்டிருந்தார்.