வேதாளமும் வேந்தனும்: எல்லைப்புற நாட்டில் எழுத்தில்லா ஓவியம்

ஓர் இனத்தாரின் வரலாற்றை எழுத்துச் சான்றுகளைக் கொண்டு மட்டும் எழுதி முடித்தல் இயலாது. அவ்வினத்தார் எதனைக் கண்டு அஞ்சினர், எதனைக் கண்டு வியந்தனர், யாரை வீரர் எனப் போற்றினர் என்பனவும் வரலாறேயாம். இவற்றைச் சொல்லாற் கூறுவது இலக்கியம். கோட்டாலும் வண்ணத்தாலும் கூறுவது ஓவியம். முன்னதனை நம் அறிஞர் துருவி ஆராய்ந்துள்ளனர். பின்னதனுள் சித்தன்னவாசலும் தஞ்சைப் பெரிய கோயிலும் ஆராய்ச்சிக்கு உரியவாயின. ஆனால் 20ஆம் நூற்றாண்டில் திங்கள்தோறும் இல்லந்தோறும் புகுந்த இதழோவியங்களோ, சிறுவர்க்கு உரியன என ஒதுக்கப்பெற்றன. பேயும் மாயமும் பெருவீரமும் பொருளாக அமைந்த அவ்வோவியங்களை, ஓவியர் சங்கரின் வேதாளப் படத்தை நடுவாக வைத்து ஈண்டு ஆராய்வோம். அவ்வாராய்ச்சிக்கு ஓசூர் - கிருட்டிணகிரி எல்லைப்புறத்தை நிலைக்களனாகக் கொண்டதன் காரணம் போகப்போக விளங்கும்.

1. இதழும் ஓவியரும்

‘அம்புலிமாமா’ 1947ஆம் ஆண்டு சூலைத் திங்களில், பி. நாகிரெட்டி, சக்கரபாணி ஆகிய இருவர் முயற்சியாற் சென்னையில் தோன்றியது. தெலுங்கிற் ‘சந்தமாமா’ என வழங்கிய இவ்விதழ், தமிழிலும் பின்னர்க் கன்னடம், இந்தி முதலிய மொழிகளிலும் வெளிவந்தது. மொழிதோறும் சொல் வேறுபட்டது, ஓவியமோ ஒன்றே. ஒரே படம் ஒரே கதைக்கு ஒரே திங்களிற் பல மொழியார்க்கும் சென்றது.

இவ்வொருமை ஓவியரிடத்தும் காணப்படுகின்றது. பாரதக் காட்சிகளை அட்டையோவியமாக வரைந்து புகழ்பெற்ற எம்.டி.வி. ஆசார்யா கன்னட நாட்டினர். மற்றோர் அட்டையோவியராகிய வட்டாதி பாப்பையா ஆந்திர நாட்டுச் சிரீகாகுளத்தினர். சங்கர் எனப் பெயர் விளங்கிய கே.சி. சிவசங்கரன், 1924ஆம் ஆண்டு தாராபுரத்தை அடுத்த கரத்தொழுவு என்னும் சிற்றூரிற் பிறந்தவர். சென்னைக் கலைப்பள்ளியில், பிற்காலத்தே கடற்கரையில் உழைப்பாளர் சிலையைச் சமைத்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக விளங்கிய காலத்தில் அவர் பயின்றார். ‘கலைமகள்’ இதழிற் சில ஆண்டு பணியாற்றினார். 1950களின் தொடக்கத்தில் அம்புலிமாமாவிற் சேர்ந்தார். ஏறத்தாழ அறுபது ஆண்டு அவர் தூரிகை அவ்விதழிற்கு உழைத்தது. 2020ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் தம் 96ஆம் அகவையில் அவர் மறைந்தார். மறைந்த பின்னரே, 2021இல், அவர்க்குப் பத்மசிரீ விருது அறிவிக்கப்பெற்றது.

2. வேதாளப் படமும் மெய்ப்பாடும்

சங்கரின் பெயரை நிலைநிறுத்திய படம் விக்கிரமன் - வேதாளக் கதையின் முகப்போவியமாகும். சுடுகாட்டிருளில் வேந்தன் பிணத்தைத் தோளிற் சுமந்து நடக்கின்றான், கையில் வாள், நிலத்தில் மண்டையோடும் பாம்பும். வேதாளம் கூறிய கதைகள் தொடக்கத்தில் இருபத்தைந்தே. அவை 11ஆம் நூற்றாண்டினராகிய சோமதேவரின் கதாசரித்சாகரத்துள்ளும் இடம்பெற்றுள்ளன. அவ்விருபத்தைந்தும் முடிந்த பின்னரும், அம்புலிமாமா அச்சட்டகத்துள்ளே புதுக்கதைகளை அமைத்துக்கொண்டே சென்றது. வடமொழியிற் சிஞ்சுபை மரத்தில் தொங்கிய வேதாளம் தமிழில் முருங்கை மரம் ஏறிப் பழமொழியாகவும் ஆயிற்று. திங்கள்தோறும் கதை மாறிற்று. படத்தின் பொருள் மாறவில்லை. ஆகவே படிப்போர் நெஞ்சில் நிலைத்தது கதையினும் ஓவியமே எனல் பிழையாகாது.

இப்படத்தின் ஆற்றல் யாது? விடை தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் உள்ளது. அச்சம் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கிடத்தும் பிறக்கும் என்பர் ஆசிரியர். பேயும் பூதமும் அணங்கினுள் அடங்கும் என்பது உரையாளர் கருத்து. மருட்கை புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கிடத்தும், பெருமிதம் கல்வி, தறுகண், இசைமை, கொடை என்னும் நான்கிடத்தும் பிறக்கும். இக்காலத்தார் திகிலோவியம், மாயவோவியம், பெருவீரர் ஓவியம் எனப் பகுக்கும் மூன்றும் முறையே அச்சம், மருட்கை, பெருமிதம் ஆகிய மூன்று மெய்ப்பாடுகளின்மேல் நிற்பன என்பது வெளிப்படை.

சங்கர் ஒரே சட்டகத்துள் இம்மூன்றையும் வைத்தார். பிணத்துட் புகுந்து பேசும் வேதாளம் அணங்கு, அதனால் அச்சம். உயிரற்ற உடல் உரையாடுதல் ஒன்று பிறிதொன்றாகிய ஆக்கம், அதனால் மருட்கை. சுமந்து செல்லும் வேந்தன்பாற் சிறிதும் நடுக்கமின்மை தறுகண், அதனாற் பெருமிதம். அச்சம் காண்போர்க்கே உரியது, வேந்தற்கு அஃதில்லை. காணும் சிறுவன் பேயைக் கண்டு அஞ்சி, அஞ்சாத வேந்தன் நடையைப் பற்றிக்கொண்டு அவ்வச்சத்தைக் கடக்கின்றான். இதுவே அப்படத்தின் உட்பொருள்.

இது தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து மாலதி கையிலிருந்த பிணக்குழவியை வாங்கி விழுங்கிய இடாகினிப்பேயும், மணிமேகலையிற் சுடுகாட்டிற் பேயைக் கண்டு உயிர்விட்ட சார்ங்கலன் வரலாறும் கற்றோர் அறிந்தன. செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியிற் காட்டையும் கோயிலையும் தேவியையும் பேய்களையும் தனித்தனியே பாடிய பின்னரே போரைப் பாடினார். கருணாகரத் தொண்டைமானின் வெற்றிப் பெருமிதத்திற்கு அவ்வச்சம் நிலைக்களன் ஆயிற்று. அச்சத்தை முன்னிறுத்திப் பெருமிதத்தை விளக்கும் நெறி, ஏட்டிலிருந்து கோட்டிற்கு வந்தது என்க.

3. எல்லைப்புறமும் நடுகல்லும்

இனி, ஓசூர் - கிருட்டிணகிரிப் பகுதியை நோக்குவோம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் நிலம் இது. கங்கர், நுளம்பர், சோழர், போசளர், விசயநகரத்தார், மைசூரார் எனப் பலர் ஆட்சியை இது கண்டது. பாரமகால் 1792இலும், மலைமேல் ஓசூர்ப் பகுதி 1799இலும் ஆங்கிலக் கும்பெனியார் கைப்பட்டன. சேலம் மாவட்டத்திலிருந்து 1965இல் தருமபுரி மாவட்டமும், அதனிலிருந்து 2004இற் கிருட்டிணகிரி மாவட்டமும் பிரிந்தன. ஆட்சியும் எல்லையும் மாறினும், வீட்டில் ஒரு மொழியும் கடைத்தெருவில் மற்றொரு மொழியும் பேசும் வழக்கம் மாறவில்லை.

இந்நிலத்தின் தொன்மையான ஓவியச்செல்வம் நடுகல்லாகும். மல்லச்சந்திரத்துக் கற்றிட்டைகளுள் வெண்ணிற ஓவியங்கள் உள்ளன; நடுகற்களோ ஊர்தோறும் காணப்படுகின்றன. ஆநிரை மீட்டு வீழ்ந்தோன், ஊர் காத்து வீழ்ந்தோன், புலியொடு பொருது பட்டோன் எனப் பலர் இவற்றில் உருப்பெற்றனர். அடுக்கு நிலைக் கற்களிற் கீழடுக்கிற் போர், நடுவடுக்கில் அரமகளிர் வீரனை ஏந்திச் செல்லல், மேலடுக்கிற் சிவலிங்கத்தின் முன் அவன் அமர்தல் எனக் கதை கீழிருந்து மேலாகச் செல்கின்றது. இஃது இக்காலப் படக்கதையின் கட்டமைப்பேயாம். கற்களுள் தமிழ் எழுத்து உடையனவும், கன்னட எழுத்து உடையனவும், எழுத்தே இல்லாதனவும் உண்டு. எழுத்தில்லாக் கல்லையும் மக்கள் படித்தனர். படித்ததோடு அமையாது வேடியப்பன் என வழிபடலும் செய்தனர். மானிட வீரன் மானிட எல்லை கடந்து தெய்வமாதல் ஈண்டு நம்பிக்கையாக வாழ்ந்தது.

நடுகல்லிலிருந்து அம்புலிமாமா ஓவியம் பிறந்தது என்பது எம் கருத்தன்று, அதற்குச் சான்றில்லை. இரண்டையும் படிக்கும் முறை ஒன்று என்பதே யாம் கூறுவது. மொழியால் வேறுபட்டோர் பலர் ஒரே உருவத்தை நோக்கி, அவரவர் மொழியில் ஒரே கதையைச் சொல்லிக்கொள்வர். மும்மொழி வழங்கும் இந்நிலம் இவ்வியல்பை வெளிப்படக் காட்டுதலின் இதனை நிலைக்களனாகக் கொண்டாம். பன்மொழி இதழின் ஓவியம் எழுத்தின் துணையை நாட இயலாது. கோடொன்றே அதற்கு மொழி. சங்கரின் கலையை ஆக்கியது அக்கட்டுப்பாடேயாம்.

4. அயல்நாட்டு வீரர் வருகை

இதற்கு மாறான நெறியொன்று 1972இற் சிவகாசியில் தோன்றியது. முத்து காமிக்சின் முதல் வெளியீடாகிய ‘இரும்புக்கை மாயாவி’ ஆங்கில நாட்டுப் படக்கதையின் தமிழாக்கம். அதன் ஓவியர் செசூசு பிளாசுகோ என்னும் இசுபானியர். மின்விசை தாக்கியவுடன் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தோன்றும் வீரன் அதன் தலைவன். ஈண்டு ஓவியம் அயலது, எழுத்தே தமிழ். அம்புலிமாமாவில் ஓவியம் மொழிகளைக் கடந்தது. முத்து காமிக்சில் மொழி அயலோவியத்தைத் தன்வயமாக்கிற்று. 1936இல் அமெரிக்காவில் தோன்றிய ‘ஃபேண்டம்’ என்னும் முகமூடி வீரர் தமிழில் ‘வேதாளர்’ எனப் பெயர் பெற்றமை இதற்குச் சிறந்த சான்று. அச்சத்திற்குரிய பெயர் பெருமிதத்திற்கு உரியதாயிற்று. சுமக்கப்பட்ட வேதாளம் தானே வீரனாயிற்று.

அதே 1970களில் ஓசூரிற் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது, ஆலைகள் பெருகின, பல நாட்டார் வந்து குடியேறினர். இரும்பையும் மின்விசையையும் வீரத்தின் கருவியாக்கிய கதையும், அவற்றை வாழ்வின் கருவியாக்கிய ஊரும் ஒரே காலத்தன. புலியை வென்றவன் வீரனாகிய காலம் போய், பொறியை ஆள்பவன் வீரனாகும் காலம் வந்தமையை இரண்டும் காட்டுகின்றன.

5. முடிவுரை

அம்புலிமாமாவின் அச்சு நின்றுவிட்டது. நூலகங்களிற் பழைய இதழ்களைக் கட்டடம் செய்யுங்கால் அட்டையை நீக்கிவிடும் வழக்கம் உண்டு; அதனால் அழிவன அட்டையோவியங்களே. நூற்பட்டிகள் ஆசிரியர் பெயரைக் குறிக்கும். ஓவியர் பெயரைக் குறித்தல் அரிது. நடுகற்களையும் ஒருகாலத்தில் வெறுங்கல் என்றே எண்ணினோம். செங்கம் நடுகற்களைத் தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் நூலாக்கிய பின்னரன்றோ அவற்றின் அருமை பலர்க்கும் புலனாயிற்று!

ஆதலின் தமிழ்த்துறைகள் செய்யற்பாலன மூன்று: இதழ்களை அட்டையொடு காத்தல், ஓவியர் பெயரடைவு தொகுத்தல், ஒரே படத்தின் தமிழ், தெலுங்கு, கன்னட வாசகங்களை ஒப்பிட்டு ஆராய்தல். மூன்றாவது பணிக்கு மும்மொழியும் அறிந்த எல்லைப்புற மாணவரே பெரிதும் தகுதியுடையர். தாள் கல்லன்று, கல் ஆயிரம் ஆண்டு பொறுத்திருந்தது, தாள் அவ்வளவு காலம் பொறாது.