நிலுவையில் நின்ற மனு: வார்சா நில வழக்குகளும் இயற்றப்படாத சட்டமும்

சோசலிச ஆட்சி முடிந்த நாடுகளில் எழுந்த நில வழக்குகளைத் தனியுடைமைக்கும் பொதுவுடைமைக்கும் இடையிலான மோதலாகக் காண்பதே வழக்கம். போலந்தின் தலைநகர் வார்சாவுக்கு அந்த விளக்கம் போதாது. 1989க்குப் பின் நாடாளுமன்றம் இயற்றத் தவறிய ஒரு சட்டமே அங்கு வழக்குகளைப் பெருக்கியது என்பது இக்கட்டுரையின் வாதம்.

போரில் தரைமட்டமான நகரை மீண்டும் கட்ட, 1945 அக்டோபர் 26இல் பியெருட் ஆணை எனப்படும் அரசாணை வந்தது. அன்றைய நகர எல்லைக்குள் இருந்த நிலம் முழுவதும் நகராட்சிக்குப் போனது. 1950இல் உள்ளாட்சி அமைப்பு கலைக்கப்பட்டதும் அரசுக்குப் போனது. ஆயினும் இது முழுப் பறிமுதல் அன்று. நகராட்சி நிலத்தைக் கைக்கொண்ட ஆறு மாதத்துக்குள் பழைய உரிமையாளர் மனுச் செய்யலாம்; நகரத் திட்டத்துக்கு முரணில்லையென்றால் அவருக்கு நிரந்தரக் குத்தகை உரிமை தந்தாக வேண்டும் என்றது ஆணையின் ஏழாம் பிரிவு. மறுத்தால் இழப்பீடு உண்டு என்றும் சொன்னது. நடந்தது வேறு. மனுக்களில் பெரும்பாலானவை மறுக்கப்பட்டன; பல, பதிலே இல்லாமல் கோப்பில் கிடந்தன. இழப்பீட்டுக்கான விதிகள் வெளியிடப்படவே இல்லை. நாஜிப் படுகொலையில் மாண்ட, நாட்டைவிட்டுத் தப்பிய யூதக் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்த ஆறு மாதக் கெடு எந்தப் பயனும் தரவில்லை.

ஆட்சி மாறியபின் இதைத் தீர்க்கப் பொதுச்சட்டம் ஒன்று வந்திருக்க வேண்டும். நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவைக் குடியரசுத் தலைவர் க்வாஸ்னியெவ்ஸ்கி 2001இல் தடுத்துவிட்டார். அந்த வெற்றிடத்தில் நிர்வாக நடைமுறைச் சட்டத்தின் 156ஆம் பிரிவு புகுந்தது. சட்டத்தை வெளிப்படையாக மீறிய அரசு முடிவைச் செல்லாது என அறிவிக்க அது வழிசெய்கிறது. பழைய மறுப்பு செல்லாதென்றானதும், 1940களின் மனு மறுபடி நிலுவைக்கு வந்துவிட்டது. மாநகராட்சி அதற்கு விடைசொல்ல வேண்டியிருந்தது. அரை நூற்றாண்டு வரலாற்றைச் சீர்செய்யும் பெரும் பொறுப்பு, அதிகாரியின் பிழையைத் திருத்துவதற்கென்று எழுதப்பட்ட ஒரு பிரிவின்மேல் விழுந்தது. அந்தப் பிரிவு மனுதாரரையும் அரசையும் மட்டுமே பார்க்கிறது. அந்த நிலத்தில் குடியிருப்போரையோ, அங்கு இயங்கும் பள்ளியையோ அது பார்ப்பதில்லை.

விளைவு, மனுவே விற்பனைப் பண்டமானது. வாரிசுகளிடமிருந்து பாத்தியதையை மலிவாக வாங்கும் தொழில் வளர்ந்தது. உயிரோடிருந்தால் நூறு வயதைத் தாண்டியிருக்க வேண்டியவர்களுக்கும் நீதிமன்றங்கள் காப்பாளரை நியமித்தன. ஹ்மியெல்னா தெரு 70ஆம் எண் மனை 2012இல் தனியார் கைக்குப் போனது. அதன் முன்னாள் உரிமையாளர்களில் ஒருவரான டென்மார்க் குடிமகனுக்கு, இரு நாடுகளின் ஒப்பந்தப்படி ஏற்கனவே இழப்பீடு தீர்க்கப்பட்டிருந்ததாக நிதியமைச்சகம் 2016இல் கூறியது. ட்வார்தா தெருப் பள்ளி இடம்பெயர நேர்ந்தது. வீடுகள் குடியிருப்போரோடு சேர்த்தே கைமாறின, வாடகை ஏறியது. குடியிருப்போர் உரிமைக்காகப் போராடிய யோலாந்தா ப்ஷெஸ்காவின் எரிந்த உடல் 2011 மார்ச்சில் கபாட்டி வனத்தில் கிடைத்தது.

2016இல் நடைமுறைக்கு வந்த சிறு சட்டம் பள்ளி முதலிய பொதுப்பயன் நிலங்களைத் திருப்பித் தர மறுக்க இடமளித்தது. பாத்தியதை விற்கப்பட்டால் முதலில் வாங்கும் உரிமையை நகருக்கும் அரசுக்கும் தந்தது. மறு ஆண்டில், நிலத்தைத் திருப்பித் தந்த முடிவுகளை ஆராயும் சரிபார்ப்பு ஆணையம் வந்தது. இவை நல்ல நடவடிக்கைகளே; ஆனால் காலங்கடந்தவை. 2021 திருத்தமோ, முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட முடிவுகளுக்கு எதிரான வழக்கையே அடைத்துவிட்டது. தரகர்களின் வழி அடைபட்டது சரி. அதே கதவு உண்மையான வாரிசுகளுக்கும் சாத்தப்பட்டதை என்னால் நியாயமென்று ஏற்க முடியவில்லை. குடியிருப்போரை அசைக்காமலே வாரிசுக்குப் பணமாக ஈடுசெய்ய முடியும். 1945 ஆணையே வாக்களித்த அந்த இழப்பீட்டுக்கு இனியேனும் போலந்து நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும்.