எந்த பட்டனை அழுத்தினாலும் ஒருத்தி அழுவாள்: 'கிமிநோசோ' 2001

போன எபிசோடுக்கு வந்த மெசேஜ்களில் பாதி ஒரே கேள்விதான்: "விஷுவல் நாவல்னா அந்த மாதிரி கேம்தானே, அதுல வரலாறு பேச என்ன இருக்கு?" நியாயமான கேள்வி. அதனால் இன்றைக்கு அந்த மாதிரி கேம் ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். பெயர் 'கிமி கா நோசோமு எயென்'. 'நீ விரும்பும் நித்தியம்' என்று தமிழில் சொல்லலாம். ரசிகர்கள் சுருக்கமாக கிமிநோசோ என்பார்கள். ஆஜ் என்ற ஜப்பானிய நிறுவனம் 2001 ஆகஸ்டில் கம்ப்யூட்டருக்காக வெளியிட்டது. பெட்டியில் 18 வயதுக்கு மேல் என்று போட்டிருக்கும். இந்த எபிசோடும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதையை முழுசாக உடைக்கப் போகிறேன், ஸ்பாய்லர் பிடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கலாம்.

முதலில் கொஞ்சம் பின்னணி. விஷுவல் நாவல் என்றால் திரையில் ஒரு படம், கீழே எழுத்து, பின்னால் இசை, குரல். கிளிக் பண்ணிப் பண்ணிப் படிப்பீர்கள். திடீரென்று கதை நிற்கும், இரண்டோ மூன்றோ வரி வரும், ஒன்றைத் தேர்ந்தெடுக்கணும். சுன்சாஃப்ட் நிறுவனம் 1992இல் சூப்பர் ஃபேமிகாமுக்கு 'ஒட்டோகிரிசோ' என்ற திகில் கதையை இப்படிக் கொடுத்தது, அதை 'சவுண்ட் நாவல்' என்றார்கள். அந்த வடிவத்தை 1996இல் லீஃப் என்ற நிறுவனம் வயது வந்தோருக்கான கம்ப்யூட்டர் விளையாட்டுக்குக் கொண்டுவந்து தன் வரிசைக்கு 'விஷுவல் நாவல்' என்று பெயர் வைத்தது. பெயர் ஒட்டிக்கொண்டது.

நடுவில் ஒரு போலீஸ் கேஸும் உண்டு. 1991இல் கியோட்டோவில் ஒரு பள்ளிப் பையன் கடையிலிருந்து ஆபாச விளையாட்டு ஒன்றைத் திருடி மாட்டிக்கொண்டான். விஷயம் பெரிதாகி, 'சவோரி' என்ற அந்த விளையாட்டை வெளியிட்டவர்கள் மேல் கை வைத்தார்கள், நிறுவனத்தின் தலைவர் கைதானார். தொழிலே பயந்துபோய் 1992இல் தானாக ஒரு நெறிமுறை அமைப்பை உண்டாக்கி, பெட்டிகளில் வயது முத்திரை குத்த ஆரம்பித்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், முத்திரை வந்த பிறகுதான் இந்த விளையாட்டுகளுக்குள் கதை வளர்ந்தது. வயது வந்தவன்தான் வாங்குவான் என்று ஆகிவிட்டதால், மரணம், துரோகம், மனநோய் என்று எதை வேண்டுமானாலும் எழுதலாம். டிவியில் எடுக்க முடியாத கதையை எழுத நினைத்த இளம் எழுத்தாளர்கள் இங்கே வந்தார்கள். படுக்கையறைக் காட்சி நான்கு இருந்தால் போதும், மீதியை உன் இஷ்டத்துக்கு எழுதிக்கோ என்பதுதான் ஏறக்குறைய ஒப்பந்தம்.

இனி கதைக்கு வரலாம். 1998ஆம் வருஷக் கோடை. தகாயுகி என்ற பையன், பள்ளிக் கடைசி வருஷம். கூச்ச சுபாவமுள்ள ஹருகா அவனை விரும்புகிறாள். அவளுடைய தோழி மிட்சுகிதான் சேர்த்து வைக்கிறாள். மிட்சுகி நீச்சல் வீராங்கனை, அவளுக்கும் அவன் மேல் ஆசை உண்டு, சொல்லவில்லை. ஒருநாள் ஹருகா ஸ்டேஷன் வாசலில் காத்திருக்கிறாள். வழியில் மிட்சுகி அவனை நிறுத்தி, இன்றைக்கு என் பிறந்தநாள், ஒரு மோதிரம் வாங்கிக் கொடேன் என்கிறாள். அவன் வாங்கிக் கொடுக்கிறான். தாமதமாகப் போய்ச் சேருகிறான். அங்கே கூட்டம், ஆம்புலன்ஸ், நொறுங்கிக் கிடக்கும் டெலிபோன் பூத்.

அதுவரை நீங்கள் விளையாடியது அத்தனையும் முன்னுரைதானாம். இப்போதுதான் தொடக்கப் பாடல் ஓடுகிறது. பாடுவது குரிபயாஷி மினாமி. ஹருகாவுக்குக் குரல் கொடுத்தவரும் அவரேதான். கோமாவில் கிடப்பவளின் குரலில் பாட்டைக் கேட்டுவிட்டு இரண்டாம் அத்தியாயத்துக்குள் போகிறீர்கள். மூன்று வருஷம் ஓடிவிட்டது. ஹருகா இன்னும் கண் திறக்கவில்லை. உடைந்துபோன தகாயுகியை மிட்சுகிதான் தூக்கி நிறுத்தியிருக்கிறாள். நீச்சலை விட்டுவிட்டாள், முடியை வெட்டிக்கொண்டாள், ஆபீஸ் வேலைக்குப் போகிறாள். அவன் ஒரு குடும்ப ரெஸ்டாரன்டில் பார்ட் டைம். இருவரும் இப்போது ஜோடி. அந்த நேரம் பார்த்து ஹருகா விழிக்கிறாள். அவளுக்கு அது இன்னும் அதே கோடை. மூன்று வருஷம் போனது தெரியாது. அதிர்ச்சி தாங்கமாட்டாள், இப்போதைக்குச் சொல்லாதீர்கள் என்கிறார் டாக்டர். அதனால் தகாயுகி அவளுடைய காதலனாகவே ஆஸ்பத்திரிக்குப் போய் உட்காரணும்.

இங்கே நான் என் கதை ஒன்றைச் சொல்லியாகணும். எனக்குப் பதினேழு வயசு. பாட்டி இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தபோது மாமா, அவருடைய ஒரே மகன், மாரடைப்பில் போய்விட்டார். பாட்டிக்கு ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. சொல்ல வேண்டாம் என்று பெரியவர்கள் முடிவு பண்ணினார்கள். பகலில் துணைக்கு இருந்தது நான். "மாமா வந்தானாடா?" என்று கேட்பார். "டூட்டி மாத்திட்டாங்க பாட்டி, நைட்டு நீங்க தூங்கினப்புறம் வந்துட்டுப் போனார்" என்பேன். நாலாம் நாள் பாட்டி அத்தையைக் கேட்டார். அத்தை வந்தார். பொட்டு வைத்து, தலையில் பூ வைத்து வந்தார். வார்டுக்கு வெளியே காரிடாரில் அம்மாதான் அந்தப் பூவை வைத்துவிட்டார். நான் பார்த்தேன். உள்ளே போய் மாமியாருக்கு இட்லி ஊட்டிவிட்டு வந்து, லிஃப்ட் பக்கத்தில் நின்று பூவை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஹருகாவின் அறைக்குள் மிட்சுகி வெறும் தோழியாக நுழைகிற காட்சியில் நான் கிளிக் பண்ணாமல் உட்கார்ந்திருந்தேன். இந்த விளையாட்டு எனக்குப் பிடித்ததற்கு வடிவம், வரலாறு எல்லாம் பிறகு கண்டுபிடித்த காரணங்கள். முதல் காரணம் அந்தப் பூதான்.

சரி, கண்டுபிடித்த காரணத்தையும் சொல்கிறேன். அன்றைய காதல் விளையாட்டுகளில் ஐந்தாறு பெண்கள் இருப்பார்கள், ஆளுக்கொரு பாதை. ஒருத்தியைத் தேர்ந்தெடுத்ததும் மற்றவர்கள் கதையிலிருந்து மெதுவாகக் கழன்றுகொள்வார்கள். அவர்களுக்கு என்ன ஆச்சு என்று யாரும் கேட்பதில்லை. 1999இல் வந்த 'கனோன்' மாதிரி அருமையான விளையாட்டில்கூட இந்தச் சிக்கல் இருக்கிறது: நீ போய்க் காப்பாற்றாவிட்டால் மற்ற பெண்களின் கதி என்ன? ஹிரோகி அசுமா என்ற விமர்சகர், விளையாடுபவன் எல்லாப் பாதையையும் பார்க்கிறான், பாத்திரம் ஒன்றில்தான் வாழ்கிறது என்ற இந்த விரிசலை வைத்தே நிறைய எழுதியிருக்கிறார். கிமிநோசோவில் தேர்ந்தெடுக்கப்படாதவள் கழன்றுகொள்வதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் வீட்டில் ஒருத்தி காத்திருப்பதைப் பார்க்கணும். வீட்டுக்குப் போனால் படுக்கையில் இருப்பவள் வாசலைப் பார்ப்பாள் என்று தெரிந்துகொண்டே படுக்கணும். காதலியை விட்டு இன்னொருத்தி பக்கம் சாய்கிற கதையை லீஃப் 1998இலேயே 'ஒயிட் ஆல்ப'த்தில் சொல்லிவிட்டது. ஆனால் அங்கே தப்பு என்று ஒன்று தெளிவாக இருந்தது. இங்கே யாரும் தப்பு பண்ணவில்லை, மூன்று வருஷம் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று, விபத்து. இந்த வகை விளையாட்டில் கெட்டது நடந்தால் நீங்கள் எங்கேயோ தவறான வரியை அழுத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். பழைய சேவ் ஃபைலைத் திறந்து சரி பண்ணலாம். நானும் பண்ணினேன். முதல் அத்தியாயத்தை மறுபடி விளையாடி, வேறு வேறு பதில் கொடுத்துப் பார்த்தேன். ஹருகா எப்படியும் அடிபடுகிறாள். உங்களுக்குக் கொடுக்கப்பட்ட தேர்வுகள் எதிலும் அந்த விபத்து இல்லை. ஆனாலும் தகாயுகி மாதிரியே நாமும், அந்த மோதிரத்தை வாங்காமல் இருந்திருந்தால் என்று தேடிக்கொண்டிருக்கிறோம். குற்ற உணர்ச்சி எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிட நன்றாகச் சொன்ன விளையாட்டை நான் பார்த்ததில்லை.

பதினெட்டு முத்திரைக்கான காட்சிகள்? இதில் என் நிலைப்பாடு கொஞ்சம் வளைந்து நெளிந்ததுதான். பின்னால் டிரீம்காஸ்டுக்கும் பிளேஸ்டேஷன் 2க்கும் வந்தபோது அவற்றை எடுத்துவிட்டார்கள், கதை நிற்கத்தான் செய்தது. ஆனால் இரண்டாம் அத்தியாயத்தில் மிட்சுகியும் அவனும் ஒரே படுக்கையில் தூங்கிப் பழகின இரண்டு பெரியவர்கள். ஒருவர் உடம்பு இன்னொருவருக்கு வீடு மாதிரி ஆகிவிட்டது. அது தெரிந்தால்தான் ஹருகாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவது எவ்வளவு பெரிய பொய் என்று உறைக்கும். அந்த இடத்தில் காட்சிக்கு வேலை இருக்கிறது. பக்கத்துப் பாதைகளில் இல்லை. அங்கே அது ஒப்பந்தப்படி சேர்த்த நான்கில் ஒன்று.

பக்கத்துப் பாதை என்றேன் இல்லையா, விளையாட்டின் பெரிய பலவீனம் அதுதான். கதைக்குத் தேவை இரண்டு பெண்கள். சந்தைக்கு அது போதாது. அதனால் ரெஸ்டாரன்டில் கூட வேலை பார்ப்பவர்கள், ஆஸ்பத்திரி நர்சுகள் என்று வரிசையாகப் பாதைகள். ஒரு பெண் கோமாவிலிருந்து எழுந்து, இன்னொருத்தி தூக்கமில்லாமல் தவித்துக்கொண்டிருக்கும்போது, நம்ம ஆள் மூன்றாவதாக ஒருத்தியிடம் போய் விழுவான். ரெஸ்டாரன்ட் காமெடி முதல் இரண்டு முறை மூச்சுவிட இடம் கொடுக்கும். பத்தாவது முறை, அழுத முகத்தோடு வந்தவனைத் தட்டால் அடித்து ஜோக் அடிப்பது எரிச்சல்தான். ஒரே விதிவிலக்கு நர்ஸ் மனாமியின் பாதை. அவள் அளவுக்கு மீறி அன்பாகக் கவனித்துக் கவனித்தே அவனை ஒன்றுக்கும் ஆகாதவனாக்கி விடுவாள். படிக்க வயிற்றைப் பிசையும். ஆனால் மிட்சுகி மூன்று வருஷம் செய்ததும் இதன் சாந்தமான வடிவம்தானோ என்று ஒரு சந்தேகத்தைக் கிளப்பிவிட்டுப் போகும்.

அந்தச் சந்தேகத்தை விளையாட்டு மேலே கொண்டுபோவதில்லை. அது எனக்குப் பெரிய குறை. மிட்சுகி நீச்சலை விட்டது அவளுடைய காதலுக்குச் சாட்சியாகவே நிற்கிறது. அவளுக்கு அந்தத் தண்ணீர் என்னவாக இருந்தது என்று கேட்க நேரமே ஒதுக்கவில்லை. ஹருகாவோ காத்திருக்கவென்றே எழுதப்பட்டவள், ஸ்டேஷனிலும் காத்திருந்தாள், கட்டிலிலும் காத்திருக்கிறாள். எல்லாம் தகாயுகியின் கண் வழியாகத்தான். அவனோ முடிவெடுக்கவே மாட்டான். 'ஹெட்டாரே' என்று ஜப்பானியர்கள் சொல்வார்கள், நம்ம பாஷையில் தொடைநடுங்கி. அந்த வார்த்தைக்கு உதாரணமாகவே ரசிகர்கள் அவன் பெயரைச் சொல்கிற அளவுக்குப் போனது. நான் அவனைத் திட்டமாட்டேன். கையில் மவுஸோடு பத்து நிமிஷம் இரண்டு வரியைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். ஆனால் அவன் தள்ளிப்போட்டதற்கான விலையைக் கட்டியது இரண்டு பெண்கள், இதை அவன் கடைசிவரை முழுசாகப் புரிந்துகொண்டதாக எனக்குத் தோன்றவில்லை.

2003இல் வந்த 14 எபிசோடு அனிமேவைத்தான் நான் முதலில் பார்த்தேன். அதில் அவன் மிட்சுகியோடு போகிறான், ஒரே முடிவு, சுத்தமான கதை. கலையாகப் பார்த்தால் அனிமேதான் இறுக்கமானது. ஆனால் அதில் முடிவெடுத்தது இயக்குநர். நான் நிம்மதியாக அழுதுவிட்டு எழுந்து சாப்பிடப் போனேன்.

விளையாட்டில் அப்படி எழ முடியவில்லை. முதல் தடவை நான் மிட்சுகி பக்கம் போனேன். பிறகு ஹருகாவுக்காகத் திரும்ப ஆரம்பித்தேன். இந்த வகை விளையாட்டில் ஏற்கனவே படித்ததை வேகமாகத் தள்ள ஒரு ஸ்கிப் வசதி இருக்கும். முதல் தடவை மணிக்கணக்கில் படித்த அந்தக் கோடை, குன்று, வெட்கம், மோதிரம், ஆம்புலன்ஸ் எல்லாம் இப்போது சில நிமிஷத்தில் கண் முன்னால் பறந்தன. எனக்கு அது ஏற்கனவே தெரிந்த பழைய கதை. அதன் அந்தப் பக்கம், அதே கோடையில்தான் இன்னும் இருக்கிறேன் என்று நம்பிக்கொண்டு ஹருகா கண் திறந்தாள்.

அடுத்த எபிசோடில் 2010இலும் 2011இலும் இரண்டு பாகமாக வந்த 'ஒயிட் ஆல்பம் 2'. எழுதியவர் மருதோ ஃபுமியாகி. முதல் பாகத்தையாவது முடித்துவிட்டு வாங்க, ஸ்பாய்லர் இல்லாமல் அதைப் பற்றிப் பேச என்னால் ஆகாது.