கையுறை விரலும் தூண்டிற்காரன் முடிச்சும்

காலுக்குக் குருதியைக் கொண்டுசெல்லும் நாடியொன்று திடீரென அடைபடுமாயின், அக்கால் வெளிறும்; குளிரும்; தாங்கொணா வலிக்குப் பின் உணர்விழக்கும். ஏறத்தாழ ஆறு மணி நேரத்துள் அடைப்பு நீங்காவிடின் தசை மடியத் தொடங்கும். அதன்பின் வைத்தியர் செய்யக்கூடியது பெரும்பாலும் காலை வெட்டி உயிரைக் காப்பதே. உடலுழைப்பையே முதலாகக் கொண்ட மனிதனுக்கு அது பிழைப்பையும் வெட்டியெறிவதாகும்.

இவ்வடைப்பு எங்கிருந்து வருகின்றது? குருதி உறைந்து உண்டாகும் கட்டி, பிறந்த இடத்திலிருந்து பெயர்ந்து குருதியோட்டத்துடன் பயணஞ் செய்து, குறுகிய வேறோரிடத்தில் சிக்கிக்கொள்ளும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலைநாட்டியவர் ஜேர்மனிய அறிஞர் றூடொல்வ் விர்ச்சோ ஆவார். 1848இல் மேற்சிலேசியாவிற் பரவிய கொள்ளைநோயை ஆராய்ந்து, அதன் வேர் மக்களின் வறுமையிலும் உரிமையின்மையிலும் உள்ளதென அரசுக்கு அறிக்கையிட்டவரும் அவரே. அவருடைய இவ்விரு பணிகளையும் வெவ்வேறாகக் கருதுதல் தவறு. காலில் வந்து சிக்கும் கட்டிகளுட் பல இதயத்தில் உருவாகின்றன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அத்தகைய இதயநோய்க்குத் தலையாய காரணங்களுள் ஒன்று, சிறு பிராயத்தில் வரும் வாதக்காய்ச்சல். ஒரே அறையிற் பலர் நெருங்கி வாழும் வீடுகளில், தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வருவது அது. ஆகவே, நாடியை அடைத்த கட்டியின் வரலாறு சில வேளைகளிற் குடியிருப்பின் வரலாறாகவும் இருக்கக் காண்கிறோம்.

நோயின் இயல்பை அறிந்தமையால் மட்டும் அதை நீக்கும் வழி கிடைத்துவிடவில்லை. 1895இல் உருசியரான சபனேயெவ் நாடியைத் திறந்து கட்டியை எடுக்க முயன்று தோல்வியுற்றார். 1911இல் பிரான்சில் ஜோர்ஜ் லபே வெற்றிகண்டார். அடுத்த சில ஆண்டுகளிற் சுவீடனைச் சேர்ந்த ஐனார் கீ இத்துறையில் முன்னின்றார். 1916இல் அமெரிக்காவில் ஒரு மருத்துவ மாணவனின் ஆய்வு வழியாக அறிமுகமாகி, 1930களில் மனிதருக்குப் பயன்படத் தொடங்கிய ஹெப்பரின், குருதி மேலும் உறைவதைத் தடுத்தது. எனினும், ஏற்கெனவே உறைந்த கட்டியை வெளியே கொணர நாடியை நீளத் திறக்கவேண்டியிருந்தது. இடுக்கியால் இழுத்தும், கையாற் பிதுக்கியும், உறிஞ்சியும் பார்க்கவேண்டியிருந்தது. நோயாளியோ ஏற்கெனவே இதயம் நலிந்தவர். பல மணி நேர மயக்கத்தையும் சத்திரசிகிச்சையையும் தாங்காது இறந்தோர் பலர். உயிர் தப்பியும் காலிழந்தோர் பலர்.

இந்த நிலையை மாற்றிய கருவி பெரும் ஆய்வுகூடமொன்றிற் பிறந்ததன்று. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள சின்சினாற்றி நகரில் 1934இற் பிறந்தவர் தோமஸ் ஃபோகாற்றி. புகையிரத எஞ்சின் ஓட்டுநரான தந்தையைச் சிறு வயதிலேயே இழந்தவர். பாடசாலையிற் படிக்கும்போதே நகரத்து வைத்தியசாலையொன்றிற் கருவிகளைத் துப்புரவு செய்யும் வேலைக்குச் சென்றார். பின்னர் சத்திரசிகிச்சைக் கூடத்தில் உதவியாளராக நின்று, வைத்தியர் கேட்கும் கருவிகளை எடுத்துக் கொடுத்தார். காலை அடைத்த கட்டியை எடுக்க வைத்தியர் படும் பாட்டையும் நோயாளர் படும் துன்பத்தையும் அவர் கண்டது மருத்துவக் கல்லூரியின் வாங்கிலன்று, கூலிவேலையில். அங்கு பணியாற்றிய சத்திரவைத்தியர் ஜாக் கிரான்லி அவரை மேற்படிப்புக்கு ஊக்கினார்.

ஃபோகாற்றி கண்ட வழி மிக எளியது. கட்டியை முன்பக்கத்தாற் பற்றி இழுக்க முயன்றால் அது சிதையும். எனவே மெல்லிய குழாயொன்றைக் கட்டியினூடாக அதற்கு அப்பாற் செலுத்தவேண்டும். குழாயின் நுனியிற் சுருங்கியிருக்கும் சிறு பலூனை அங்கே உப்புநீரால் உப்பச்செய்து, மெல்லப் பின்னிழுத்தால் கட்டி முழுவதும் வெளியே வந்துவிடும். தொடையிடுக்கில் ஒரு சிறு வெட்டு. அவ்விடத்தை மாத்திரம் மரக்கச்செய்தால் போதும்.

சிறுநீர்க் குழாய்களுக்கெனச் செய்யப்பட்ட மெல்லிய குழாயையும், சத்திரவைத்தியரின் கையுறையிலிருந்து வெட்டியெடுத்த சிறுவிரலையும் அவர் கையிலெடுத்தார். ஆனால் இரண்டையும் ஒட்டவல்ல பசை கிடைக்கவில்லை. இளமையில் தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சிபோன்ற இரைகளைக் கட்டிப் பழகிய கை அவருடையது. அந்த முடிச்சே இங்கும் உதவிற்று. 1961இல் அக்கருவி முதன்முறையாக மனிதரிற் பயன்பட்டது. 1963இல் அதைப்பற்றிய கட்டுரை வெளியாயிற்று.

தூண்டிற்காரனின் முடிச்சு மருத்துவ விஞ்ஞானத்தின் முடிச்சொன்றை அவிழ்த்தது என்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. உழைக்கும் கையின் அறிவு அறிவன்று என்று கற்பிக்கப்பட்டோரே இதனை அதிசயமாகக் கொள்வர்.

கருவியை உற்பத்தி செய்யப் பல நிறுவனங்கள் மறுத்தன. ஃபோகாற்றி தம் கையாலேயே கட்டிக்கொடுக்கவேண்டியதாயிற்று. ஒறிகன் மாநிலத்தில் அவர் பயிற்சி பெற்றபோது, செயற்கை இதயத் தடுக்கிதழை உருவாக்கிய அல்பேட் ஸ்ரார் அக்கருவியைப் பொறியியலாளர் லோவல் எட்வேட்ஸிடம் கொண்டுசென்றார். எட்வேட்ஸின் தொழிற்கூடம் அதை உற்பத்தி செய்தது. 1969இல் காப்புரிமையும் வழங்கப்பட்டது. பின்னாளில் ஃபோகாற்றி பல நிறுவனங்களைத் தொடங்கிய செல்வந்தராயினார். இதனை மறைக்கவேண்டியதில்லை, ஏழைச் சிறுவனின் கைத்திறனும் அச்சமுதாயத்திற் சந்தைச் சரக்காக உருமாறியே நோயாளியிடம் சென்றது என்பதே வரலாறு.

பலூனுக்கும் குறைகள் இருந்தன. நாடியின் உட்சுவரை அது உராய்ந்து புண்படுத்தக்கூடும்; நாட்பட்டுச் சுவரோடு ஒட்டிய கட்டியிடம் அதன் வலிமை செல்லாது. எனவே 1990களில் உப்புநீரை மிகு வேகத்திற் பீறிடச்செய்து, அதனால் உண்டாகும் உறிஞ்சு விசையாற் கட்டியைச் சிதைத்து வெளியேற்றும் கருவிகள் வந்தன. பின்னர் உறிஞ்சு பம்பிகளும், கட்டியைச் சுரண்டி வாரும் உலோக வலைகளும் வந்தன. தோலில் ஒரு துளையிட்டே இவற்றைச் செலுத்தலாம். ஆயின் இவற்றுட் பெரும்பாலானவை ஒரு நோயாளிக்குப் பயன்படுத்தியதும் எறியப்படுபவை. விலையோ மிக உயர்ந்தது.

புதியதெல்லாம் சிறந்ததா? காலின் ஆழ்நாளங்களில் உண்டாகும் உறைவைப் பற்றிய ஆய்வொன்று இவ்வினாவுக்கு விடை தருகின்றது. அமெரிக்க அரசின் பொதுநிதியுடன் 692 நோயாளரிடம் நடத்தப்பட்ட அவ்வாய்வின் முடிவு 1917க்கு ஒரு நூற்றாண்டு கழித்து, 2017இல் வெளியாயிற்று. ஒரு சாரார் உறைவெதிர் மருந்து மட்டும் பெற்றனர். மறுசாரார் அதனுடன் கட்டியைக் கரைக்கும் மருந்தையும் கருவிச் சிகிச்சையையும் பெற்றனர். ஈராண்டு முடிவில், நீடித்த வீக்கமும் வலியும் முதற்சாராரில் நூற்றுக்கு 48 பேருக்கும் மறுசாராரில் நூற்றுக்கு 47 பேருக்கும் இருந்தன. நோயின் கடுமை சிலரிற் குறைந்ததாயினும், தொடக்க நாட்களிற் பெருங் குருதிப்பெருக்கு மறுசாராரிலேயே மிகுந்தது. இதனாற் கருவிகள் பயனற்றவை என்று முடிவு செய்யலாகாது. இன்னாருக்குப் பயன், இன்னாருக்கு இல்லை என்று பிரித்தறியவேண்டும் என்பதே பொருள். அவ்வாறு பிரித்தறியும் பொறுப்பை, விற்போரிடமே விட்டுவிடாது பொதுநிதியிலான ஆய்வு ஏற்றல் வேண்டும்.

கையுறை விரலிலிருந்து தொடங்கிய இவ்வரலாறு நமக்குக் கூறுவது இதுவே: கருவியின் மதிப்பு அதன் பளபளப்பில் இல்லை, அது காத்த கால்களிலேயே உள்ளது. அக்கால்களைக் காக்கக் கிடைப்பதோ சில மணி நேரம். அந்த நேரத்தை எந்தத் தொழிற்சாலையும் செய்து தரமுடியாது. குளிர்ந்த காலின் பொருளை அறிந்த கிராமத்து வைத்தியரும், மழையிலும் ஓடத்தக்க பாதையும், பணப்பையைப் பாராது கதவைத் திறக்கும் வைத்தியசாலையுமே அதைத் தருவன. அவை இல்லாத இடத்தில், உலகின் மிகச் சிறந்த கருவியும் வெட்டப்பட்ட காலுக்கு அருகே பிந்தி வந்து நிற்கும்.