மாட்டுக்குப் பல்லு, வண்டிக்குத் தகடு

சந்தையில வாய்ப்பேச்சை நம்பி யாரும் மாடு பிடிக்க மாட்டாங்க. சுழி பார்ப்போம். வாயைத் திறந்து ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்ததான்னு பார்ப்போம். வித்தவர் என்ன சொன்னாலும் பல்லு பொய் சொல்லாது.

அப்படிப் பார்த்து வாங்கியே பழகின நான், பழைய டிராக்டர் வாங்கும்போது மட்டும் புரோக்கர் பேச்சை நம்பிட்டேன். புது பெயிண்ட் பளபளன்னு இருந்தது. ஆர்.சி. புத்தகமும் கையில இருந்தது. பேர் மாத்தப் போன இடத்துல சேஸிஸ் எண் மேல காகிதத்தை வச்சுப் பென்சிலால தேய்ச்சு அச்சு எடுத்தாங்க. அது சரியா இருந்தது. என்ஜின் எண்தான் புத்தகத்தோட ஒட்டலை. எப்பவோ, யாரோ என்ஜினை மாத்தியிருக்காங்க. எங்கேயும் எழுதி வைக்கலை. அந்தப் போகம் முழுக்க வாடகை வண்டியிலதான் உழுதேன்.

அந்த அலைச்சல்ல இருந்துதான் பழைய வண்டிகளோட எண்களைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். அதுல என்னைப் பிடிச்சு நிறுத்தினது இங்கிலாந்துல கோவென்ட்ரி நகரத்துல இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியோட கதை.

1946-ல அந்தக் கம்பெனி, ஹாரி பெர்குசனுக்காக பேனர் லேன் ஆலையில டிராக்டர் செய்ய ஆரம்பிச்சது. பேர் டி.இ.20. 1956 வரைக்கும் 5 லட்சத்துக்கு மேல செஞ்சாங்க. இன்னைக்கு நம்ம வயல்ல ஓடுற மாஸி பெர்குசனுக்கு அதுதான் பாட்டன். அதோட தகட்டுல இருக்குற எழுத்துக்கு ஒவ்வொண்ணுக்கும் அர்த்தம் உண்டு. முதல் ரெண்டு எழுத்து ‘டிராக்டர், இங்கிலாந்து’. அடுத்து ‘ஏ’ வந்தா ஸ்டாண்டர்ட் பெட்ரோல் என்ஜின், ‘எஃப்’ வந்தா டீசல். அதுக்குப் பின்னாடி வர்ற வரிசை எண்ணை வச்சு எந்த வருஷத்து வண்டின்னு சொல்லிடலாம்.

இதே கம்பெனி கார்களும் செஞ்சது. அதோட வேன்கார்டு காருக்கும் இந்த டிராக்டருக்கும் என்ஜின் ஒரே குடும்பம். 2,088 சி.சி. கொண்ட அந்த வேன்கார்டு என்ஜினோட சிலிண்டர் விட்டத்தை 85 மில்லிமீட்டர்ல இருந்து 83-ஆக் குறைச்சு, 1,991 சி.சி. ஆக்கி, 1953-ல ட்ரையம்ப் டி.ஆர்.2-ங்கிற பந்தயக் கார்ல வச்சாங்க. ஏர் இழுத்த என்ஜினோட பங்காளி, பந்தயத்துல ஓடினான்!

டி.ஆர்.2 மொத்தமே 8,636 தான். ஒவ்வொண்ணுலயும் என்ஜின் அறையோட பின்சுவர்ல ஒரு சின்னத் தகடு ஆணியடிச்சிருக்கும். அதுல இருக்குறதைக் ‘கமிஷன் எண்’னு சொல்றாங்க. தரகுக் கமிஷன் இல்லை. இந்த வண்டியைச் செய்யணும்னு ஆலை போட்ட உத்தரவோட எண். ‘டி.எஸ்.’னு தொடங்கும். கடைசியில ‘எல்’ இருந்தா இடது பக்கம் ஸ்டியரிங், அதாவது பெரும்பாலும் அமெரிக்கா மாதிரி நாடுகளுக்குப் போனது. ‘ஓ’ இருந்தா ஓவர்டிரைவ்னு கூடுதல் கியர் அமைப்பு உள்ளது. அவசரத்துல பார்த்தா அந்த ‘ஓ’வை சைபர்னு படிச்சிடலாம். 1981-ல அமெரிக்கா 17 எழுத்து எண்ணைக் கட்டாயமாக்கினப்போ ஐ, ஓ, கியூ மூணு எழுத்தையும் சேர்க்கலை. காரணம் இந்தக் குழப்பம்தான். நம்ம புது வண்டிகள்லயும் அந்த 17 எழுத்துதான்.

எனக்குப் பாடமா அமைஞ்சது இதுக்கு அடுத்த விஷயம். டி.ஆர்.2 என்ஜினுக்கும் ‘டி.எஸ்.’னு தொடங்கி ‘இ’ன்னு முடியுற தனி எண் இருக்கு. அந்த எண்ணும் கமிஷன் எண்ணும் ஒண்ணா இருக்கணும்னு அவசியம் இல்லை. வரிசையில கைக்கு வந்த என்ஜினை எடுத்து மாட்டினாங்க. அதனால ரெண்டு எண்ணும் வேறயா இருக்குன்னு “என்ஜின் மாத்தினது”ன்னு சொன்னா தப்பு. ரெண்டும் ஒண்ணா இருக்குன்னு “ஒரிஜினல்”னு சொன்னாலும் ஏமாறலாம். தகடு சின்ன அலுமினியத் துண்டு. புதுசா அடிச்சு மாட்டிடலாம்.

அப்ப யாரைக் கேட்குறது? ஆலைக் குமாஸ்தாக்கள் எழுதின பேரேட்டைத்தான். அந்தப் பதிவுகளைக் கெய்டன்ங்கிற ஊர்ல இருக்குற பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் காப்பாத்தி வச்சிருக்கு. பணம் கட்டிக் கேட்டா, இந்தக் கமிஷன் எண் வண்டி எந்தத் தேதியில செஞ்சது, எந்த எண் என்ஜினோட வெளியே போச்சு, என்ன நிறம், எந்த ஊருக்கு அனுப்பினதுன்னு சான்றிதழ் தர்றாங்க. பச்சையா இருந்த வண்டியைச் சிவப்பாக்கி, “பிறந்ததுல இருந்தே இப்படித்தான்”னு விக்க வந்தவன் அந்தக் காகிதத்துக்கு முன்னாடி வாயை மூடிக்குவான்.

அந்தக் குமாஸ்தா பேர் யாருக்கும் தெரியாது. எழுபது வருஷம் கழிச்சு ஒருத்தன் வந்து கேட்பான்னு நினைச்சு அவர் எழுதலை. அன்னன்னைக்கு வேலையை அன்னன்னைக்கு எழுதி வச்சார், அவ்வளவுதான்.

ஸ்டாண்டர்ட் நம்ம மண்ணுக்கும் அந்நியம் இல்லை. சென்னைக்குப் பக்கத்துல வண்டலூர்ல இந்திய ஸ்டாண்டர்ட் ஆலை இருந்தது. வேன்கார்டும் ஹெரால்டும் அங்கே உருவானது. பெரியவங்க வச்சிருந்த ஹெரால்டு உங்கள்ல யார் வீட்டுலயாவது இன்னும் கிடந்தா, பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி தகட்டைப் போட்டோ எடுத்து வையுங்க. பழைய பில், ஆர்.சி. எதையும் எடைக்குப் போட்டுடாதீங்க. என் கையில அப்படி ஒரு துண்டுக் காகிதம் இருந்திருந்தா ஒரு போகம் வாடகை மிஞ்சியிருக்கும்.

இப்ப என் டிராக்டர் சீட்டுக்குக் கீழே பிளாஸ்டிக் கவர்ல ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கு. முதல் பக்கத்துல சேஸிஸ் எண், என்ஜின் எண். அடுத்த பக்கத்துல இருந்து என்ன மாத்தினேன், எந்தத் தேதியில, என்ன செலவுன்னு எழுதுறேன். என் பையன் பார்த்துச் சிரிக்கிறான். நாளைக்கு அவன் இதை விக்கும்போது, வாங்க வர்றவன் பல்லைப் பிடிச்சுப் பார்க்கணும்ல.